பூட்டில்லாத ஊரில் ஒரு மரக் கோயில்

நார்வே நாட்டுச் சுங்க அதிகாரி என் மச்சானின் பெட்டியைத் திறந்தார். பெட்டியைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், பிறகு கதவோரம் நின்ற போலீஸ்காரரைக் கூப்பிட்டார். பெட்டி நிறையப் பூட்டுகள். மாங்காய்ப் பூட்டு, அலமாரிப் பூட்டு, கோயில் உண்டியலுக்குப் போடும் கனத்த பூட்டு, அத்தனைக்கும் கொத்துக் கொத்தாகச் சாவிகள். இருவரும் தங்கள் பாஷையில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். பாஷை புரியாவிட்டாலும் பார்வை புரிந்தது.

"என்ன மாப்ளே சொல்றாங்க?" என்று மச்சான் கேட்டார்.

"நீங்க திருடனான்னு யோசிக்கிறாங்க மச்சான்."

"திண்டுக்கல்னு சொல்லு. தெரிஞ்சுக்குவாங்க."

திண்டுக்கல் என்று சொன்னேன். தெரிந்துகொள்ளவில்லை. கடைசியில் மச்சானே ஒரு மாங்காய்ப் பூட்டை எடுத்துப் பூட்டி, இழுத்துக் காட்டி, சாவியைப் போலீஸ்காரர் கையில் கொடுத்துத் திறக்கச் சொன்னார். சாவியை எப்படிச் செருகுவது என்று போலீஸ்காரருக்குப் பிடிபடவில்லை. மச்சான் சொல்லிக்கொடுத்தார். திறந்ததும் போலீஸ்காரர் சிரித்துவிட்டார். ஊருக்குள் போகலாம் என்று கையைக் காட்டினார்கள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. திண்டுக்கல் பேகம்பூரில் எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஒரு தோல் ஷாப் இருந்தது. ஆட்டுத்தோலைக் குழிகளில் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பதனிட்டு மெட்ராஸ் தரகருக்கு அனுப்புவோம். அவர் அதைக் கப்பலேற்றிச் சம்பாதிப்பார், எங்களுக்கு வாடை மிஞ்சும். அந்த வருஷம் தரகர் கையை விரித்துவிட்டார். சீமையில் நேரடியாக ஒரு வியாபாரியைப் பிடிக்காவிட்டால் ஷாப்பை மூடிக் குழிகளை மண்ணைப் போட்டு நிரப்பிவிடுவது என்று அத்தா தீர்மானித்திருந்தார். வீட்டில் இண்டர்மீடியட் வரை படித்து இங்கிலீஷ் பேசுகிறவன் நான் ஒருவன்தான் என்பதால், மாதிரித் தோல்களைச் சுருட்டி என்னிடம் கொடுத்து அனுப்பினார்.

மச்சானை யாரும் அனுப்பவில்லை. அவராகச் சேர்ந்துகொண்டார். என் அக்காவின் வீட்டுக்காரர், பெயர் காதர் மைதீன், பூட்டு வியாபாரி. கடைக்குப் பின்னால் பட்டறையும் வைத்திருந்தார். "நீ தோலக் காட்டு, நான் பூட்டக் காட்டுறேன். கதவில்லாத நாடுன்னு ஒண்ணு இருக்கா?" என்பது அவருடைய கணக்கு. குளிர் பொல்லாதது என்று எச்சரித்தவர்களிடம், "நாங்க கொடைக்கானலையே பாத்தவங்க" என்று சொல்லிக் குரங்குக் குல்லாவை எடுத்துக் காட்டினார். அக்கா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவரு பேச்சுதான் பெருசு. பத்திரமாக் கூட்டிட்டு வந்துரு" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் ரயிலேறினேன்.

நாங்கள் போய் இறங்கிய ஊர் மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒண்டிக்கொண்டிருந்த சின்ன ஊர். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் யாரும் யாரோடும் பேசவில்லை. நம் ஊர் டவுன் பஸ்ஸில் மணிக்கூண்டு தாண்டுவதற்குள் பக்கத்து ஆளின் மகள் கல்யாணம்வரை தெரிந்துவிடும். மச்சான் பக்கத்தில் இருந்த கிழவரைப் பார்த்து "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். கிழவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் எங்கள் நிறுத்தம் வந்ததும் எழுந்து, மச்சானின் பூட்டுப் பெட்டியை ஒரு கை பிடித்து இறக்கிவிட்டார். இந்த ஊர் ஆட்களுக்கு வாயில் இல்லாதது கையில் இருக்கிறது என்று மச்சான் அங்கேயே தீர்ப்புச் சொன்னார்.

சாப்பாடுதான் சங்கடம். கறி நமக்கு ஆகாது, அறுத்தவன் யாரோ. ஆக மூன்று வேளையும் மீனும் உருளைக்கிழங்கும். மீனில் உப்பு இல்லை, காரம் இல்லை. பழுப்பு நிறத்தில் ஒரு பால்கட்டியைச் சீவிச் சீவி ரொட்டியில் வைத்துத் தந்தார்கள். அடிப்பிடித்த பால்கோவா போல் இருந்தது, கெட்டது என்று சொல்ல மாட்டேன். கடலோரம் மூங்கில் பந்தல் மாதிரி கம்பு கட்டி மீனைக் காயப்போட்டிருந்தார்கள். "இங்க பாரு, கருவாடு" என்று மச்சானுக்கு முகமெல்லாம் வெளிச்சம். விடுதிக்கார அம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி அடுப்பை வாங்கி, பெட்டியில் கொண்டுவந்த சீரகச் சம்பாவைப் பொங்கி, அந்தக் கருவாட்டை மிளகாய்த்தூள் போட்டு வறுத்தார். மாடியில் இருந்தவர்களெல்லாம் இருமிக்கொண்டே இறங்கி வந்தார்கள். அன்றைக்கு நாங்கள் வயிறாரச் சாப்பிட்டோம்.

பூட்டு வியாபாரம் முதல் நாளே படுத்துவிட்டது. அந்த ஊரில் யாரும் வீட்டைப் பூட்டுவதில்லை. விடுதியில் எங்கள் அறைக்கே சாவி கிடையாது. கேட்டால் விடுதிக்கார அம்மா, "எதற்கு? உள்ளே யாரையாவது அடைத்துவைக்கப் போகிறீர்களா?" என்று கேட்டாள். கடைக்காரர் மதியம் வீட்டுக்குச் சாப்பிடப் போனால் கதவைச் சாத்திவிட்டுப் போகிறார், அவ்வளவுதான். மச்சான் தெருத்தெருவாக நடந்து கதவுகளைப் பார்த்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"நாடு முழுக்க இப்புடித்தானா மாப்ளே?"

"பட்டணத்துல பூட்டுவாங்களாம் மச்சான்."

"இம்புட்டு நம்பிக்கை ஆகாது" என்றார். உண்மையிலேயே மனசு கஷ்டப்பட்டுத்தான் சொன்னார்.

மறுநாள் தோல் வியாபாரி ஹால்வரைப் பார்த்தோம். புத்தகத்துக்கு அட்டை கட்டுகிறவர்களுக்கும் கையுறை தைக்கிறவர்களுக்கும் தோல் கொடுக்கிற மொத்த வியாபாரி. ஆள் நெட்டை, வாயில் எப்போதும் ஒரு புகைக்குழாய். எங்கள் தோலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார், மடித்தார், நகத்தால் கீறினார், முகர்ந்து பார்த்தார். முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. எனக்கு அத்தாவின் முகம் கண்ணில் வந்துபோனது. பிறகு தோலைப் பழையபடி சுருட்டி என்னிடமே நீட்டினார்.

"தோல் நன்றாக இருக்கிறது. ஆனால் மாதிரி எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்" என்றார். முன்பு ஒரு முறை கிழக்குத் தேசத்திலிருந்து மூட்டை வரவழைத்தாராம். மேலே நாலு தோல் பட்டு மாதிரி இருந்ததாம். அடியில் எல்லாம் புழுத்துப் போனது. "நீங்கள் அப்படிச் செய்வீர்கள் என்று சொல்லவில்லை. செய்ய மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை நான் வாங்குவதில்லை."

நான் என்னென்னவோ பேசிப் பார்த்தேன். அவர் கோபப்படாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் மச்சானிடம் விஷயத்தைச் சொன்னேன். "அவரு சொல்றதுல தப்பில்ல" என்றாரே பார்க்கலாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

அதற்கடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமைதான் எங்களுக்குக் கப்பல். வியாபாரம் இல்லை என்றாலும் விருந்தாளி விருந்தாளிதான் என்று நினைத்தாரோ என்னவோ, மத்தியானம் ஹால்வர் தன் காரைக் கொண்டுவந்து விடுதி வாசலில் நிறுத்தினார். மலைமேல் தன் சொந்தக் கிராமத்தில் ஒரு பழைய மரக் கோயில் இருக்கிறது, காட்டுகிறேன் என்றார். மரத்தால் கட்டிய மாதா கோயில், பல நூறு வருஷம் பழையது என்று கேட்டதும் நான் நம்பவில்லை. நம் ஊரில் நாலு மாசம் ஆள் நடமாட்டம் இல்லாத வீட்டுக் கதவையே கறையான் தின்றுவிடும்.

கார் மேலே ஏற ஏற எங்கும் பனி. பாதையோரத்தில் காரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தோம். எங்கள் செருப்புக்கடைக்காரர் ஆசையாகத் தைத்துக்கொடுத்த பூட்ஸ் பனியில் எருமைச் சாணியில் வைத்த கால் மாதிரி வழுக்கியது. மச்சான் ஒரு கையால் என்னையும் இன்னொரு கையால் குல்லாவையும் பிடித்துக்கொண்டார்.

கோயில் திடீரென்று எதிரே நின்றது. கன்னங்கரேல் என்று தார் பூசிய மரம், சுற்றிலும் வெள்ளைப் பனி. கூரைக்கு மேல் கூரை, அதற்கு மேல் கூரை என்று படிப்படியாக ஏறிப்போய் உச்சியில் ஊசியாக முடிந்தது. கூரை முனைகளில் வாயைத் திறந்த மிருகத் தலைகள். எங்கள் ஊர் மலைக்கோட்டை அடிவாரத்து அம்மன் கோயில் தேரில் பார்த்த யாளியின் ஞாபகம் வந்தது. கதவைச் சுற்றிக் கொடியும் பாம்பும் பின்னிப் பின்னிச் செதுக்கியிருந்தார்கள். இதைச் செதுக்கியவனும் நம்மைப்போல் இதே குளிரில் விறைத்த விரலை வைத்துக்கொண்டுதான் செதுக்கியிருப்பான் என்று நினைத்ததும் அவன்மேல் பெரிய மரியாதை வந்தது.

அங்கேதான் மச்சான் பூட்டைப் பார்த்தார். அந்தப் பக்கத்திலேயே பூட்டியிருந்த கதவு அது ஒன்றுதான். முன்பு எவனோ வெள்ளிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து பூட்டுகிறார்களாம். சாவி வைத்திருந்தது எழுபது வயதுக்கு மேலான ஒரு கிராமத்து அம்மா. முன்பே சொல்லி வைத்திருந்ததால் வந்து காத்திருந்தாள். கதவைத் திறந்து, திறந்த பூட்டைக் கொண்டியிலேயே தொங்கவிட்டாள். போகும்போது இப்படி அமுக்கிவிட்டுப் போங்கள், அதுவே பூட்டிக்கொள்ளும் என்று கையால் காட்டிவிட்டு, மேட்டுமேல் இருந்த தன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் கையசைவை மச்சான் தொழில்காரர் கண்ணோடு பார்த்துக்கொண்டார்.

உள்ளே இருட்டு. ஜன்னல் என்று சொல்ல ஒன்றுமில்லை, உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சில ஓட்டைகள். கண் பழகியதும் பாய்மரம்போல் நெட்டுக்கு நின்ற தூண்கள் தெரிந்தன. தார் வாசனையும் பழைய மர வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறின. மச்சான் செத்த நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அஸர் நேரம் போயிரும் மாப்ளே, தொழுதுட்டு வாரேன்" என்று வெளியே கிளம்பினார். அந்த ஊர்க் குளிர்காலத்தில் மத்தியானச் சாப்பாடு செரிப்பதற்குள் சூரியன் விழுந்துவிடுகிறது. லுஹர், அஸர், மஃரிப் என்று மூன்று வேளைத் தொழுகையும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்குகிற மாதிரி அடுத்தடுத்து வந்தன. ஊரில் மேற்கே பார்த்துத் தொழுது பழகியவர் இங்கே தென்கிழக்கே திரும்ப வேண்டியிருந்ததில் தினமும் ஒரு தடவை குழம்புவார். கோயிலின் பின்பக்கம் காற்று மறைவில் பனியை ஒதுக்கி அவர் துண்டு விரித்ததைச் சுவர்ப் பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

ஹால்வர் என்னை மாடத்துக்குக் கூட்டிப்போனார். குறுகலான ஏணிப்படி. மேலே தன் பாட்டனார் சிறுவயதில் கத்தியால் கீறிய பெயரைக் காட்டினார். ஒரு ஆணிகூட இல்லாமல் மரத்தோடு மரத்தைக் கோத்திருக்கும் விதத்தை அவர் விளக்க, நான் தடவிப் பார்க்க, நேரம் போனதே தெரியவில்லை. கீழே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. காற்று என்று நினைத்தோம். பிறகு ஒரு "டக்". அதற்குப் பிறகு "கடக், கடக்" என்று இரண்டு முறை.

அந்தச் சத்தத்தை நான் பிறந்ததிலிருந்து கேட்கிறேன். திண்டுக்கல்காரன் பூட்டைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்க்கிற சத்தம்.

ஏணியில் விழுந்தடித்து இறங்கி ஓடிக் கதவைத் தட்டினேன். பலகை என் உள்ளங்கை நீளத்துக்குத் தடிமன். கத்தினேன். பதில் இல்லை. மச்சான் தொழுது முடித்து வந்து வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறார். மாடத்தில் இருந்த எங்களுக்குக் கேட்கவில்லை. காருக்குப் போய்விட்டார்கள்போல, பழம்பெரும் கோயிலை இப்படித் திறந்துபோட்டுவிட்டுப் போகிறார்களே, எப்பேர்ப்பட்ட மறதி என்று எங்களுக்காக வருத்தப்பட்டு, பொறுப்பாகச் சாத்திப் பூட்டியிருக்கிறார். திறந்து தொங்குகிற பூட்டைப் பார்த்துவிட்டு ஒரு திண்டுக்கல் பூட்டு வியாபாரி சும்மா நடந்துபோக முடியாது.

காரில் எங்களைக் காணாமல் அவர் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது ஓட்டைகளில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

"மாப்ளே, உள்ளயா இருக்க?"

"உள்ளதான் மச்சான். தொறங்க."

பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு, "சாவி அந்தம்மாகிட்டல்ல இருக்கு" என்றார்.

"சாவி எதுக்கு? இந்தப் பூட்டத் தொறக்க முடியாதா உங்களால?"

"முடியாமயா? குடைக்கம்பி இருக்கு பைக்குள்ள. இந்தப் பூட்டெல்லாம் ஒரு பூட்டா?"

"அப்புறம் என்ன? தொறங்க."

"அது ஆகாது மாப்ளே" என்றார். "பூட்டுக்கு உடையவங்க முன்னால நிக்காம பூட்டுல கம்பி விடுறது எங்க தொழில்ல கெடையாது. பட்டறையில கை வைக்கிற அன்னைக்கே சொல்லித்தான் உக்கார வைக்கிறாங்க. எங்க வாப்பாவே வாடகை வீட்டுச் சாவியத் தொலைச்சப்ப வீட்டுக்காரம்மா வார வரைக்கும் மழையில நின்னவரு. நான் போயி அந்தம்மாவக் கூட்டிட்டு வாரேன்."

ஹால்வரிடம் சொன்னேன். இவரால் சாவி இல்லாமல் திறக்க முடியும், ஆனால் திறக்க மாட்டார் என்று மொழிபெயர்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. ஹால்வர் கதவில் முஷ்டியால் குத்தினார். "இது என் கிராமம். நான் சொல்கிறேன், திறக்கச் சொல்" என்றார். அதையும் சொன்னேன்.

"சாவி அவருகிட்ட இருக்கா?"

"இல்ல."

"அப்ப அவரு சொன்னாலும் ஆகாது. வீடு எந்தப் பக்கம்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

மேட்டுமேல் சிவப்பு வீடு, ஜன்னலில் விளக்கு இருக்கும் என்றார் ஹால்வர். பனியில் கால் புதைகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

அந்தக் குளிரை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதலில் காது போனது, பிறகு விரல். ஹால்வர் என்னைத் தூண்களைச் சுற்றிச் சுற்றி நடக்க வைத்தார், நிற்காதே, நின்றால் தூக்கம் வரும் என்றார். மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் வாங்கிய என் கோட்டு எந்த வெள்ளைக்காரன் எந்த ஊருக்காகத் தைத்ததோ, இந்த ஊருக்கானது இல்லை. ஹால்வரின் சட்டைப்பையில் தீப்பெட்டி இருப்பது ஞாபகம் வந்தது.

"கொஞ்சம் நெருப்பு மூட்டலாமே? அந்த உடைந்த பெஞ்சுப் பலகை இருக்கிறது. கல் தரையில் வைத்து..."

"இங்கே நெருப்பு கூடாது."

"ஒரு குச்சி. கையைக் காட்டிக்கொள்ள மட்டும்."

"இந்தக் கோயிலுக்குள் யாரும் தீக்குச்சி கிழிப்பதில்லை" என்றார். "இதுபோல் நாட்டில் எத்தனையோ இருந்தன. எல்லாம் எரிந்து போயின. இங்கே மட்டும் பாதிரியார் முதல் கல்யாணப் பெண்வரை குளிரில் உட்கார்ந்தே பிரார்த்தனை செய்வார்கள். அதனால்தான் இது நிற்கிறது."

வெளியே ஒருவர் கையில் கம்பியை வைத்துக்கொண்டு திறக்க மாட்டேன் என்கிறார். உள்ளே ஒருவர் பையில் தீப்பெட்டியை வைத்துக்கொண்டு கிழிக்க மாட்டேன் என்கிறார். இரண்டு பிடிவாதக்காரர்களுக்கு நடுவில் என் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. வாயில் வந்தபடி மச்சானைத் திட்டினேன். தமிழில் திட்டியதால் ஹால்வர் அதைப் பிரார்த்தனை என்று நினைத்திருப்பார்.

ஓட்டைகள் முழுக்க இருண்டபோது திட்டு நின்றுவிட்டது. பயம் வந்தது. மச்சான் போட்டிருந்ததும் அதே வழுக்குப் பூட்ஸ்தான். உறையில்லாத கை. பாஷை தெரியாது, பாதை தெரியாது. இதே மேட்டில் வழி தப்பிய ஒரு தபால்காரரை மறுநாள் காலையில்தான் கண்டெடுத்தார்கள் என்று ஹால்வர் சொல்லத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். பத்திரமாகக் கூட்டிட்டு வந்துரு என்று அக்கா சொன்னது காதிலேயே நின்றது. தோல் ஷாப் போனால் போகட்டும், குழியை நானே மண்ணைப் போட்டு மூடுகிறேன், இந்த மனுஷன் திரும்பி வந்தால் போதும் என்று துஆ கேட்டேன். மாதா கோயிலுக்குள் நின்று கேட்டதை அல்லா தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டான் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது.

நேரம் என்ன என்று பார்க்கக்கூட வெளிச்சமில்லை. ஹால்வர் ஒருமுறை தீப்பெட்டியை வெளியே எடுத்தது அது குலுங்கிய சத்தத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அது மறுபடி பைக்குள் போயிற்று.

"உன் மச்சான் அங்கே போயிருப்பாரா?" என்று கேட்டார்.

"போயிருப்பார்" என்றேன். ஏன் அவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்று தெரியாது.

அப்போதுதான் மேட்டுப் பக்கமிருந்து ஒரு அலறல் கேட்டது. "ஏம்மா, மெதுவா, மெதுவாப் போம்மா, புள்ளகுட்டிக்காரன்மா" என்று சுத்தமான திண்டுக்கல் தமிழ். ஓட்டையில் லாந்தர் வெளிச்சம் ஓடியது. அந்த ஊரில் நாற்காலிக்கு அடியில் இரும்புச் சறுக்குப் பட்டை வைத்தது போல ஒரு பனி வண்டி உண்டு, பின்னால் நின்று காலால் உந்திப் போவார்கள். அந்த அம்மா பின்னால் நின்று உந்த, முன்னால் கம்பளியில் சுற்றிய மூட்டையாக என் மச்சான், மடியில் லாந்தரோடு இறக்கத்தில் பறந்து வந்திருக்கிறார். அடுப்படியில் உட்கார்ந்து காலைக் காயவைத்துக்கொள் என்று அவள் சைகை காட்டினாளாம், இவர் உட்காரவே இல்லையாம். பூட்டி, இழுத்து, உள்ளே ஆள் என்று இவர் ஆடிக்காட்டிய நாடகம் அவளுக்கு உடனே புரிந்துவிட்டதாம்.

சாவி திரும்பியது. முதலில் ஹால்வர் வெளியே போனார். நான் மச்சானைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "அழுகாத மாப்ளே, கண்ணுத் தண்ணி உறைஞ்சிரும்" என்றார். அவருடைய தாடியில் பனி ஒட்டியிருந்தது.

ஹால்வர் கோயிலிலிருந்து நாலடி தள்ளிப் போய் நின்று, புகைக்குழாயை எடுத்து அடைத்தார். பிறகு பூட்டைக் காட்டிக் கேட்டார். "உண்மையிலேயே இவரால் திறந்திருக்க முடியுமா? அல்லது முடியாததற்கு ஒரு சாக்கா?"

நான் மச்சானிடம் சொன்னேன். மச்சானுக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, பூட்டைக் காட்டி, தன் நெஞ்சில் கை வைத்து, செய்யட்டுமா என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். மச்சான் கதவைச் சாத்தினார், பூட்டினார், இரண்டு முறை இழுத்தார், சாவியை அவள் கையில் கொடுத்தார். பைக்குள்ளிருந்து குடைக்கம்பியை எடுத்து உள்ளே விட்டார். ஹால்வர் தீக்குச்சியைக் கிழித்துக் குழாயில் வைத்து அணைப்பதற்குள் பூட்டு திறந்து அவர் கையில் கிடந்தது. அந்த அம்மா கைதட்டினாள். ஹால்வர் குழாயைக் கவ்விக்கொண்டு காரை நோக்கி நடந்தார்.

கீழே வருகிற வழி முழுக்கக் காரில் யாரும் பேசவில்லை. வியாபாரம் மட்டுமில்லை, மரியாதையும் போயிற்று என்று நான் நினைத்தேன். விடுதிக்கார அம்மா மச்சானின் காலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தாள். இடது சுண்டுவிரல் நாவல்பழ நிறத்தில் இருந்தது. இன்றுவரை அந்த விரலில் அவருக்கு உணர்ச்சி கிடையாது, எறும்பு கடித்தாலும் தெரியாது.

காலையில் நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருக்கும்போது ஹால்வர் வந்தார். மச்சானுக்கு இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை கொண்டுவந்திருந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார். "இவரிடம் கேள்" என்றார் என்னிடம். "மூட்டையில் மேலே இருக்கிற தோலும் அடியில் இருக்கிற தோலும் ஒரே மாதிரி இருக்குமா? இவர் சொல்லட்டும். இவர் சொன்னால் வாங்குகிறேன்."

ஒரு 'ஆமாம்' போதும். கேட்டேன்.

மச்சான் காலுறையை மாட்டிக்கொண்டே, "அது எனக்கு எப்புடித் தெரியும்? நான் பூட்டுக்காரன். தோலப் பத்தி நான் சொன்னா அது பொய்யாப் போயிரும்ல? மாமாவும் நீயும்தான சொல்லணும்?" என்றார்.

அந்த இடத்தில் அவரை விடுதிக்குப் பின்னால் இருந்த குளத்தில் தள்ளியிருப்பேன், குளம் உறைந்து கிடந்ததோ அவர் பிழைத்தார். வேறு வழியில்லாமல் அவர் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன். ஹால்வர் முதல்முறையாகச் சிரித்தார், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "சரி, நீ சொல்" என்றார்.

"ஒரே மாதிரி இருக்கும்" என்றேன். அவர் கையை நீட்டினார்.

ஊருக்கு வந்து அக்காவிடம் மச்சானை ஒப்படைத்தேன். சுண்டுவிரலைப் பார்த்து அவள் கேட்ட கேள்விகளுக்கு அவரே பதில் சொல்லட்டும் என்று நழுவிவிட்டேன். தோல் ஷாப்பில் குழிகளில் புதிதாக ஆவாரம்பட்டை விழுந்தது. வெயில் ஏறிய ஒரு நாள், முதல் மூட்டை கட்டுவதற்குத் தோல்களை அடுக்கத் தொடங்கியபோது மச்சான் ஒரு பூட்டோடு வந்தார். பட்டறையில் அவரே உட்கார்ந்து செய்தது, கனமானது, மரக் கோயிலின் கதவைச் சுற்றியிருந்த அந்தக் கொடியைப்போல் மேலே கொத்தி வைத்திருந்தார்.

"அந்தக் கோயிலுக்கு" என்றார். "இது அமுக்கினாப் பூட்டாது. சாவியப் போட்டுத் திருகுனாத்தான் பூட்டும். போற போக்குல எவனும் அமுக்கிட்டுப் போயிர முடியாது."

அந்த எவன் யார் என்று நான் கேட்கவில்லை. அதற்குமேல் அவர் தப்பை ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஹால்வர் பிரித்ததும் கண்ணில் படட்டும் என்று மூட்டையின் மேல் தோலுக்குக் கீழே அதை வைக்கப் போனேன். மச்சான் என் கையைப் பிடித்தார்.

"மேல வைக்காத மாப்ளே. எல்லாத்துக்கும் அடியில வை" என்றார். "கடைசித் தோலுவரைக்கும் பிரிச்சுப் பாக்கட்டும்."